உதவி தேவை: நேரலை வகுப்பில் மட்டும் இயர்பட்டின் ஒலி மங்கிவிடுகிறது

கார்முகில்:
அனைவருக்கும் வணக்கம். இணையவழியில் ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பதிவு செய்து வைத்திருக்கும் பாடங்களை இயர்பட்டில் கேட்டால் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாக விழுகிறது. ஆனால் ஆசிரியர் நேரலையில் எடுக்கும் வகுப்பில் நுழைந்த உடனேயே, அதே ஆசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிவிடுகிறது. அவர் 'சிக்ஸ்' என்கிறாரா 'ஃபிக்ஸ்' என்கிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை. நான் திருப்பிச் சொன்னால் திருத்துகிறார். அந்தத் திருத்தமும் என் காதுக்கு முன்பு கேட்டதுபோலவே இருக்கிறது. வகுப்பை விட்டு வெளியேறியதும் ஒலி தானாகத் தெளிந்துவிடுகிறது. நாளை மாலை வாய்மொழித் தேர்வு. தெரிந்தவர்கள் விரைந்து வழி சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
நண்பரே, கைப்பேசியில் பார்க்கிறீர்களா, மடிக்கணினியிலா? எந்த இயங்குதளம்? வகுப்புக்கென்று தனிச் செயலி இருக்கிறதா, அல்லது உலாவி வழியாக நுழைகிறீர்களா? இயர்பட் ப்ளூடூத் வகையா? இவை தெரியாமல் யாராலும் உறுதியாக எதையும் சொல்ல இயலாது.

நெய்தல்:
இது இணைய வேகச் சிக்கல்தான். பதிவுப் பாடம் முன்கூட்டியே சேமிக்கப்பட்டு ஓடுவதால் தெளிவாக இருக்கும்; நேரலையில் அந்த வசதி கிடையாது, வேகம் குறைந்தால் முதலில் அடிபடுவது ஒலியின் தரம். வைஃபை திசைவியின் அருகில் அமர்ந்து பாருங்கள். முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ப்ளூடூத்தும் வைஃபையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஒலிப்பித்தன்:
இயர்பட்டின் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, என்ன என்பதை யாரும் கேட்கவில்லையே. எஸ்பிசி என்னும் அடிப்படைக் கோடெக் மட்டும் உள்ள கருவியாக இருந்தால் இப்படித்தான் இருக்கும். நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பக்கூடிய எல்டாக் போன்ற கோடெக் உள்ள இயர்பட்டுக்கு மாறினால், நேரலையோ பதிவோ எல்லாமே தெளிவாகிவிடும்.

பழங்கணினி:
கேள்வி கேட்பவர் தம் கருவி எது என்றுகூடச் சொல்லாமல் கேட்பதும், அதைத் தெரிந்துகொள்ளாமலேயே மூவர் விடையளிக்க முனைவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. ப்ளூடூத்தைப் பற்றிய அடிப்படையைப் படித்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மைக் திறந்தால் ப்ளூடூத்தின் ஒலித்தரம் குறையும். அது அதன் இயல்பு, பழுதன்று. கம்பியுள்ள ஹெட்செட்டைச் செருகிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கார்முகில்:
மடிக்கணினிதான், விண்டோஸ். இயர்பட் ப்ளூடூத். என்னிடம் கம்பியுள்ளது எதுவும் இல்லை. இணையத்தைச் சோதித்தேன், வேகம் நன்றாகவே இருக்கிறது.

தேன்சிட்டு:
விண்டோஸ் 10ஆ, 11ஆ? உலாவியா, செயலியா? இவை இரண்டும் முக்கியம்.

குறிஞ்சி:
நான் இணையவழியில் மொழி கற்பிப்பவள். என் அனுபவத்தில் இது ஆசிரியரின் பக்கத்துக் கோளாறாகவும் இருக்கலாம். வகுப்புச் செயலிகளில் உள்ள இரைச்சல் நீக்கம், மின்விசிறியின் ஓசையையும் 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளையும் சில நேரங்களில் ஒன்றாகவே எண்ணி நறுக்கிவிடுகிறது. இரண்டுமே காற்றின் இரைச்சல்தானே. உச்சரிப்புப் பாடம் எடுக்கும்போது நான் அந்த வசதியை அணைத்துவிடுவேன். கார்முகில் ஒன்றைச் சோதித்துச் சொல்லட்டும். நேரலை வகுப்பின் பதிவு பிறகு உங்களுக்குக் கிடைக்கிறதா? கிடைத்தால், நேரலையில் மங்கலாகக் கேட்ட அதே வாக்கியத்தை அந்தப் பதிவில் கேட்டுப் பாருங்கள். அங்கும் மங்கலாக இருந்தால் குறை ஆசிரியர் பக்கம். அங்கே தெளிவாக இருந்தால் குறை உங்கள் கருவியின் பக்கம்.

அலைவரிசை:
குறிஞ்சி அம்மா சொன்ன சோதனை மிகச் சரியானது. அதை முதலில் செய்துவிடுங்கள். ஆனாலும் வகுப்பில் நுழைந்ததும் மங்கி, வெளியேறியதும் தெளிகிறது என்ற குறிப்பைப் பார்க்கும்போது பழங்கணினி ஐயா சொன்ன காரணமே பொருந்துகிறது. அவர் சுருக்கமாகச் சொன்னதை நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால் கம்பியில்லாமலேயே தீர்வு கிடைக்கும்.

இப்போது பரவலாக உள்ள ப்ளூடூத் இயர்பட்டுகள் ஒலியைப் பெற இரண்டு முறைகளை வைத்திருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். பாட்டோ பதிவுப் பாடமோ கேட்கும்போது இயங்குவது ஏ2டிபி என்னும் ஒருவழி முறை. அதில் ஒலி கணினியிலிருந்து காதுக்கு மட்டுமே செல்வதால், இருக்கும் இடம் முழுவதையும் அதற்கே கொடுத்து ஸ்டீரியோவாக அனுப்ப முடிகிறது. ஏதேனும் ஒரு நிரல் இயர்பட்டின் மைக்கைத் திறந்த கணமே, தொலைபேசி உரையாடலுக்காக வகுக்கப்பட்ட எச்எஃப்பி என்னும் இருவழி முறைக்கு இணைப்பு மாறிவிடுகிறது. அதன் பழைய வடிவத்தில் போக்குக்கும் வரவுக்கும் நொடிக்கு 64 கிலோபிட்தான். ஒலி ஒற்றைத் தடம். நொடிக்கு 8,000 மாதிரிகள், அதாவது ஒலி நொடிக்கு அத்தனை முறை அளந்து எடுக்கப்படுகிறது. நொடிக்கு 8,000 மாதிரிகள் எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எந்த ஒலியும் அதில் அடங்காது. 2011இல் வந்த எச்எஃப்பி 1.6 இதை 16,000 மாதிரிகளாக உயர்த்தியது என்றாலும், கணினி, இயர்பட் இரண்டும் அதை ஏற்றுக்கொண்டால்தான் பயன்.

'ஸ' ஒலியை அடையாளம் காட்டும் கூர்மை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் எஞ்சுவது வலுவில்லாத ஒரு காற்றொலி. 'ஃப' ஒலியும் கிட்டத்தட்ட அதேதான். 'ஷ' ஒலியின் வலு அதைவிடக் கீழேயே தொடங்குவதால் அது ஓரளவு தப்பிவிடும். கார்முகில், உங்களுக்கு 'சீட்', 'ஷீட்' இரண்டும் வேறுபட்டுக் கேட்டு, 'சிக்ஸ்', 'ஃபிக்ஸ்' மட்டும் குழம்பினால் சிக்கல் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

நெய்தல் நண்பருக்கு: உலாவிகள் நேரலைக் குரலுக்குப் பயன்படுத்தும் ஓப்பஸ் கோடெக் குறைந்த வேகத்திலும் நல்ல தரம் தரக்கூடியது, வேகம் போதவில்லை என்றால் குரல் விட்டுவிட்டு வரும், உடைந்து வரும், நுழைந்த நொடி முதல் வெளியேறும் நொடி வரை ஒரே சீராக அமுங்கியிருக்காது. ஒலிப்பித்தன் நண்பருக்கு: எல்டாக் ஏ2டிபியில் மட்டுமே இயங்கும். மைக் திறந்ததும் அந்த முறையே விலகிவிடுவதால், எவ்வளவு உயர்ந்த கோடெக் இருந்தாலும் நேரலையில் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வகுப்பில் நுழையும் முன்பே அதன் ஒலி அமைப்புகளைத் திறந்து, மைக் என்ற இடத்தில் இயர்பட்டை நீக்கிவிட்டு மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒலிபெருக்கி என்ற இடத்தில் இயர்பட் இருக்கட்டும். விண்டோஸ் 10 ஆனால் ஒரே இயர்பட் 'ஸ்டீரியோ' என்றும் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்றும் இரண்டாகத் தோன்றும். ஸ்டீரியோ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். உலாவியில் நுழைபவரானால், மைக்குக்கு அனுமதி கேட்கும்போது அங்கேயும் எந்த மைக் என்று பாருங்கள். பின்னணியில் வேறு எந்த நிரலும் இயர்பட்டின் மைக்கைப் பிடித்திருக்கக் கூடாது. வகுப்பில் மைக்கை 'மியூட்' செய்வதால் மட்டும் தீராது. பல செயலிகள் மியூட்டிலும் மைக்கைத் திறந்தே வைத்திருக்கின்றன.

பழங்கணினி:
அலைவரிசையின் விளக்கத்தில் தவறில்லை. ஆனால் இவ்வளவு பெரிதுபடுத்தவும் தேவையில்லை. தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கொண்டுதான் இத்தனை காலம் உலகம் முழுவதையும் பேச வைத்தது. அந்த எல்லைக்குள் மனிதக் குரல் முழுமையாகப் புரியும். ஒரு சொல் புரியவில்லை என்றால் கவனம் போதவில்லை என்றே பொருள். பாடம் கற்பவர் கருவியைக் குறை சொல்வதை விட்டுக் காதைப் பழக்க வேண்டும்.

குறிஞ்சி:
ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. தொலைபேசியில் நமக்குப் புரிவதற்குக் காரணம், நாம் ஏற்கெனவே அறிந்த மொழியில் பேசுகிறோம் என்பதுதான். காதில் விழாத ஒலியை மனம் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. 'ஆறு மணிக்கு வா' என்பதில் ஓர் எழுத்து விழாவிட்டாலும் பொருள் தப்பாது. முன்பின் அறியாத ஒரு பெயரையோ குறியீட்டு எண்ணையோ தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். 'எஃப்'ஆ, 'எஸ்'ஆ என்று எதிர்முனையில் கட்டாயம் கேட்பார்கள். வானூர்தித் துறையினர் 1956 முதல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கொரு சொல்லை வைத்துக்கொண்டிருப்பதும் கவனக் குறைவால் அன்று. மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் அப்படி அறியாத பெயர்தான். நிரப்பிக்கொள்ள அவர் மனத்தில் இன்னும் எதுவும் சேரவில்லை. வந்து சேராத ஒலிக்குக் காதைப் பழக்குவது எப்படி?

பழங்கணினி:
தொலைபேசி வழியாகவே மொழி கற்றுத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

குறிஞ்சி:
இருக்கலாம். அவர்கள் பேசக் கற்றார்கள். கார்முகில் சேர்ந்திருப்பதோ உச்சரிப்புப் பயிற்சி. அங்கே பாடமே அந்த உரசொலிகள்தான். ஒரு மாணவர் 'தின்' என்பதை 'ஃபின்' என்று சொல்லும்போது, நாக்கு பல்லைத் தொடவில்லையா, காதுக்கே வேறுபாடு எட்டவில்லையா என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் என் வகுப்பின் பெரும்பகுதி செல்கிறது. கருவி மறைத்த வேறுபாட்டுக்காகத் தன் நாக்கில் குறை இருக்கிறது என்று ஒரு மாணவர் நம்பிவிட்டால், அந்தத் தயக்கத்தைப் போக்குவது எளிதன்று. ஆகவேதான் இதைச் சிறிய விஷயம் என்று விட முடியவில்லை.

ஒலிப்பித்தன்:
எல்டாக் ஒருவழி முறையில் மட்டும் இயங்குவது உண்மையே. ஆனால் ப்ளூடூத்தில் புதிதாக வரும் எல்இ ஆடியோ என்னும் ஒலி முறை இந்தக் கட்டுப்பாட்டைக் கடந்துவிட்டதே? அதில் எல்சி3 கோடெக் இருவழியிலும் இயங்கும் என்று அறிகிறேன்.

அலைவரிசை:
ஆம். எல்இ ஆடியோவின் விவரக்குறிப்புகள் 2022இல் முழுமையடைந்தன. மைக் திறந்திருக்கும்போதும் ஒலித்தரத்தைக் காக்க அதில் வழி இருக்கிறது. ஆனால் மடிக்கணினியின் ப்ளூடூத் சில்லு, இயங்குதளம், இயர்பட் ஆகிய மூன்றும் அதை ஏற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இணைப்பு பழைய முறைக்கே திரும்பிவிடும். நாளை தேர்வு எழுதுபவருக்கு அது உதவாது.

கார்முகில்:
மைக்கை மடிக்கணினிக்கு மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

தேன்சிட்டு:
எங்கே மாற்றினீர்கள்? விண்டோஸின் அமைப்பிலா, வகுப்பின் அமைப்பிலா? விண்டோஸ் 10ஆ, 11ஆ என்ற கேள்விக்கும் இன்னும் விடை வரவில்லை.

அலைவரிசை:
விண்டோஸில் மட்டும் மாற்றியிருந்தால் போதாது. வகுப்புப் பக்கம் தான் முன்பு நினைவில் வைத்திருந்த மைக்கையே மீண்டும் எடுத்துக்கொள்ளும். அதையும் மாற்றிவிட்டு, வகுப்பிலிருந்து முழுவதும் வெளியேறி, மீண்டும் நுழைந்து பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால், விண்டோஸ் 10 ஆக இருக்கும் பட்சத்தில் உறுதியான வழி ஒன்று உண்டு. கன்ட்ரோல் பேனலில் 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' என்பதைத் திறந்து, இயர்பட்டின் மேல் வலச்சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று, 'சர்வீசஸ்' என்ற பகுதியில் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ டெலிஃபோனி' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அதன்பின் அந்த மடிக்கணினியைப் பொறுத்தவரை இயர்பட்டுக்கு மைக்கே இல்லை. எந்த நிரலாலும் அதைத் திறக்க முடியாது, ஏ2டிபியும் கலையாது. இயர்பட்டின் மைக் பின்னர் தேவைப்பட்டால் குறியை மீண்டும் இட வேண்டும். மடிக்கணினியின் மைக் சற்று எட்ட இருப்பதால் தேர்வின்போது நேராக அமர்ந்து, விசைப்பலகையைத் தட்டாமல் பேசுங்கள்.

நெய்தல்:
அப்படியே 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாறிவிடுங்கள். அதனால் இழப்பு எதுவும் இல்லை.

செங்காந்தள்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. இதே குறை எனக்குக் கைப்பேசியில் இருக்கிறது. வகுப்பின் செயலியில் மைக்கையும் ஒலிபெருக்கியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் இடமே காணவில்லை. கைப்பேசிக்கு என்ன வழி?

அலைவரிசை:
கைப்பேசியில் பெரும்பாலான வகுப்புச் செயலிகள் இரண்டையும் ஒன்றாகவே கையாளுகின்றன. இயர்பட்டைத் தேர்ந்தெடுத்தால் அதன் மைக்கும் சேர்ந்தே வரும். டைப்-சி முனையுள்ள கம்பி ஹெட்செட் இருந்தால் அதைச் செருகுங்கள். அதுவும் இல்லையென்றால், அமைதியான அறையில் இயர்பட்டைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியிலேயே கேளுங்கள். உரசொலிகள் அதில் இயர்பட்டின் உரையாடல் முறையைவிடத் தெளிவாகவே வரும்.

கார்முகில்:
சர்வீசஸில் அந்தக் குறியை எடுத்ததும் சரியாகிவிட்டது. 'சிக்ஸ்', 'ஃபிக்ஸ்' இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன. நன்றி. தேர்வுக்குப் படிக்க வேண்டும்.

தேன்சிட்டு:
மகிழ்ச்சி. அப்படியானால் விண்டோஸ் 10 என்றே எடுத்துக்கொள்கிறேன். குறிஞ்சி அம்மா கேட்ட வகுப்புப் பதிவையும் ஒருமுறை கேட்டுவிட்டு, அதில் தெளிவாக இருந்ததா என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். செங்காந்தள், உங்கள் கைப்பேசியின் பெயரையும் இயங்குதளப் பதிப்பையும் குறிப்பிடுங்கள்.