சின்ன லிஸ்ப் கம்பைலர்: ஓகேமலா, சி-யா?

வேளச்சேரி_வெட்டி:
மூணு வாரமா சனி ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல லேப்டாப்போட உக்காந்து குட்டி லிஸ்ப் கம்பைலர் (லிஸ்ப்ங்கற பழைய மொழில எழுதினதை மெஷினுக்கு ஏத்த மாதிரி மாத்தற ப்ரோக்ராம்) எழுதிட்டு இருக்கேன், ஓகேமல்ங்கற ஃபங்ஷனல் மொழில (ஃபங்ஷன்களைக் கோத்து எழுதற வகை). (கூட்டு 2 (பெருக்கு 3 4)) குடுத்தா அசெம்பிளி (மெஷினுக்கு ரொம்பக் கிட்ட இருக்கற மொழி) துப்புது, ஓட்டினா 14 வருது. கம்பைலர்னா ஃபங்ஷனல் மொழி தான், இதுக்குப் போய் சி-ல எழுதறவங்க தலையெழுத்து அவ்ளோதான்.

பெரம்பூர்_பாயிண்டர்:
ஆரம்பிச்சுட்டாருய்யா. லிஸ்ப்ல அடைப்புக்குறி எண்ணத் தெரிஞ்சா பார்சர் (எழுதினதைப் படிச்சு ட்ரீயா பிரிக்கற பகுதி) முடிஞ்சுது, சி-ல ஒரு ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டை ஒண்ணா வைக்கற டைப்), ஒரு ஸ்விட்ச் (எந்த வகைன்னு பாத்து பிரிஞ்சு போறது) போதும். அதுவுமில்லாம லிஸ்ப் இன்டர்ப்ரட்டர்ல (மாத்தி வைக்காம நேரா படிச்சு ஓட்டற ப்ரோக்ராம்) ஓடற மொழி, அதுக்கு கம்பைலரே ஓவர் தல.

வேளச்சேரி_வெட்டி:
கடைசியா சொன்னது தப்பு ப்ரோ. 1962லயே எம்ஐடில டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்ப்லயே லிஸ்ப் கம்பைலர் எழுதி, அதை இன்டர்ப்ரட்டர்ல ஓட்டி அதையே கம்பைல் பண்ண வச்சாங்க, நம்ம தாத்தா காலத்து மேட்டர். ஸ்விட்ச்சா? போன வாரம் ட்ரீ டைப்ல 'லெட்'னு (வேரியபிளுக்கு மதிப்பு குடுக்கறது) ஒரு வகை சேர்த்தேன், உடனே ஓகேமல் நாலு எடத்துல லெட்டை விட்டுட்டேன்னு வார்னிங் குடுக்குது. சி-ல டீஃபால்ட் கேஸ்ல (வேற எதுலயும் சேராததுக்கான கிளை) போய் கம்முனு படுத்துக்கும்.

பெரம்பூர்_பாயிண்டர்:
டீஃபால்ட் போடாம எனம் (வகைகளுக்குப் பேர் வச்ச லிஸ்ட்) மேல ஸ்விட்ச் எழுதி வார்னிங்கை ஆன் பண்ணு, சி கம்பைலர் ஜிசிசியும் சொல்லும். யூனியன்ல (ஒரே எடத்துல பல டைப்ல ஏதாவது ஒண்ணை வைக்கறது) தப்பான ஃபீல்டை எடுத்தா சொல்லாது, அதை ஒத்துக்கறேன்.

ஓஎம்ஆர்_ஓரம்:
நான் ரெண்டுலயும் எழுதி சூடு பட்டவன். லாம்ப்டா (பேரில்லாத ஃபங்ஷன்) தனக்கு வெளியில இருக்கற எந்தெந்த வேரியபிளைப் புடிச்சு வச்சுக்கணும்னு கணக்கு போடணும்ல, அது செட்டைக் கூட்டிக் கழிக்கற வேலை, ஓகேமல்ல டீ ஆறதுக்குள்ள முடியும், சி-ல செட்டையே மொதல்ல நீங்க தான் எழுதணும். ஆனா ரன்டைம் (ப்ரோக்ராம் ஓடும்போது கூடவே ஓடற கோடு), மெமரில குப்பை அள்ற ஜிசி இதெல்லாம் நான் கடைசில சி-ல தான் எழுதினேன்.

பெரம்பூர்_பாயிண்டர்:
அதான் பாயிண்ட்டு! வெட்டி, 10 லட்சத்துலேர்ந்து 0 வரைக்கும் தன்னையே கூப்பிட்டு எறங்கற ஃபங்ஷன் ஒண்ணை உன் கம்பைலர்ல ஓட்டிட்டு வந்து சொல்லு.

வேளச்சேரி_வெட்டி:
செக்மெண்டேஷன் ஃபால்ட், மெமரில தொடக்கூடாத எடத்தைத் தொட்டு க்ராஷ் 😐

பெரம்பூர்_பாயிண்டர்:
ஹாஹா. லினக்ஸ்ல சாதாரணமா ஸ்டாக் (ஃபங்ஷன் கால்களை அடுக்கற மெமரி) 8 எம்பி, ஒரு ஃபங்ஷன் காலுக்கு 16 பைட்டுன்னே வச்சாலும் 10 லட்சம் காலுக்கு 16 எம்பி ஆச்சு. ஓகேமல் தான் கம்பைல் பண்ற கோடுக்கு டெயில் காலை (ஃபங்ஷனோட கடைசி வேலையா வர்ற கால், ஸ்டாக்ல புது எடம் வேண்டாம்) பாத்துக்கும், நீ துப்பற அசெம்பிளிக்கு யாரு பாப்பா? கம்பைலர் எந்த மொழில இருந்தாலும் அதை நீ தான்யா போடணும்.

வேளச்சேரி_வெட்டி:
சரி சரி, ஆர்க்யுமெண்ட்டைப் பழைய எடத்துலயே எழுதிட்டு காலுக்குப் பதிலா ஜம்ப், நைட்டே போடறேன். ஆனா ஒரு கால் டெயில் பொசிஷன்ல இருக்கான்னு கண்டுபுடிக்கறதும் ஒரு பேட்டர்ன் மேட்ச் தான் பாஸ், இஃப்போட ரெண்டு கிளையும் லெட்டோட கடைசி வரியும் பாத்தா போதும்.

பெரம்பூர்_பாயிண்டர்:
விடமாட்டியே நீ.