புதுப்பிப்பு: ரிமோட் காரில் பினியன் (மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பல்சக்கரம்) மாற்றினேன், மோட்டார் சூடு இறங்கியது

தென்பெண்ணை மணலில் ஓட்டினால் என் பக்கியின் (ரிமோட் கார்) பிரஷ்லெஸ் மோட்டார் ஐந்தே நிமிடத்தில் 95 டிகிரியைத் தொடுகிறது, என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஃபேன் போடச் சொன்னார்கள் சிலர். பினியனைக் குறைக்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. ஃபேன் வந்த சூட்டை வெளியேற்றும், அவ்வளவுதான். சிறிய பினியன் மோட்டாரின் சுமையையே குறைக்கிறது.

15 பல்லுக்குப் பதில் 13 பல் போட்டேன். பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் அதே 54 பல், விகிதம் 3.6இலிருந்து 4.15 ஆனது. நேற்று கிருஷ்ணகிரி வெயிலிலும் அதே மணலில் 74 டிகிரியைத் தாண்டவில்லை. உச்ச வேகம் கொஞ்சம் குறைந்தது. மணலில் அது தெரியவே இல்லை, புறப்படும் இழுப்பு அருமை.

அப்புறம், பினியன் மாற்றினால் மோட்டாரையும் நகர்த்தி, பற்களுக்கிடையே காகிதத் துண்டு வைத்து இடைவெளி பாருங்கள். நான் முதலில் அதை மறந்து ஒரு ஸ்பரை அரைத்துவிட்டேன்.