கோபம் வருவதை, கத்துவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

காலை 7:40-க்குப் பள்ளி வேன். 7:30-க்கு மகள் ஒற்றை சாக்ஸோடு நிற்பாள், அடுப்பில் தோசை கருகும். நான் கத்திவிடுவேன். அப்புறம் நாள் முழுக்க மனசு கேட்காது.

போன வாரம்தான் கவனித்தேன்: கத்துவதற்குக் கொஞ்சம் முன்பே தாடை இறுகி, தோள் காதுவரை ஏறிவிடுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலைதான், புலியைக் கண்டால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகுமே, அதேதான். இங்கே புலி இல்லை, சாக்ஸ். என் கணவருக்கு நேர்மாறு, பேச்சே நின்றுவிடும். அதை அலட்சியம் என்று நினைத்து எத்தனை சண்டை போட்டிருப்பேன்!

உங்களுக்கு முதலில் எங்கே தெரியும்? வயிறா, கையா, மூச்சா? அந்த நொடியில் என்ன செய்வீர்கள்? மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தேன், தோசை தீய்ந்ததுதான் மிச்சம். ஆறு வயதுக் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் சொல்லுங்களேன்.