மணலிக்கும் வைணு பாப்புவுக்கும் சம்பந்தம் உண்டா?

காசிமேட்டு அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கிற என் மகள் பள்ளியில் வானியலாளர் எம்.கே. வைணு பாப்புவைப் பற்றிப் பேசப் போகிறாள். அந்த 'எம்' மணலி என்று எங்கோ படித்தாளாம், நம்ம மணலிதானா என்று கேட்கிறாள். அவர் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார் என்பது வரை தெரியும். வேறு என்ன செய்தார்? நான் விசைப்படகில் போகிறவன், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
நம்ம மணலி இல்லை, அண்ணா. அது மலையாளக் குடும்பப் பெயர். ஆனால் அவர் பிறந்தது இதே சென்னையில், 1927 ஆகஸ்ட் 10. அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். வால்மீன் 1949 ஜூலையில், அவர் ஹார்வர்டு போய்ச் சேர்ந்த அதே வருடம் கிடைத்தது. பாப்பு, போக், நியூகிர்க் என்று மூன்று பேர் பெயரும் அதற்கு உண்டு.

ஃபிட்டர் பெரியவர், எண்ணூர்:
தம்பி, வால்மீனோடு நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி கடலில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. பக்கத்தில் வரும் சின்ன போட்டா, தூரத்தில் நிற்கும் பெரிய கப்பலா? விளக்கின் உண்மையான பவர் தெரிந்தால்தானே தூரம் சொல்லலாம்? நட்சத்திரத்துக்கும் அதே சிக்கல்தான். பாப்புவும் ஓலின் வில்சனும் 1957-ல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். சூரியனைப் போலவோ அதைவிடக் குளிர்ந்தோ இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் கால்சியத்தின் கருப்புக் கோடு ஒன்று தெரியும். அதன் நடுவில் மெல்லிய வெளிச்சம் ஒன்று. நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் கூடக் கூட அந்த வெளிச்சக் கோடு அகலமாகும். அகலத்தை அளந்தால் பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரம். வில்சன்–பாப்பு விளைவு என்று அவர் பெயரிலேயே பாடத்தில் இருக்கிறது.

ஆனால் என் மனசில் நிற்பது வேறு. வெளிநாட்டில் கௌரவமாக இருந்திருக்கலாம். அவர் 1953-ல் ஊர் திரும்பினார். நைனிடால் வானாய்வகம் உருவாக உழைத்தார், 1960-ல் கொடைக்கானல் பொறுப்பை ஏற்றார். அப்புறம் இருட்டான வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். அங்கே 1968-ல் வைத்த முதல் தொலைநோக்கி 38 செ.மீ. தான், அதுவும் நம் கையாலேயே செய்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனபோது, அதற்குக் கொஞ்சம் முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். மறைத்தது யுரேனஸின் வளையம்!

கடைசியாக 2.34 மீட்டர் கண்ணாடி. மூன்றரை டன் எடை. அதை நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். நான் முப்பது வருஷம் தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்தவன். இரும்பை நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் எங்களுக்கு அன்றைக்குப் பெருமை. அந்தக் கண்ணாடிக்கு அது போதவே போதாது, மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குகூட அங்கே பெரிய மேடு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

அது முடிந்ததை அவர் பார்க்கவில்லை. உலக வானியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோதே, 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் இறந்துவிட்டார். 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

காசிமேட்டு அப்பா:
ஐயா, விளக்கு விஷயம் நன்றாகப் பிடிபட்டது. நடுக்கடலில் எத்தனை ராத்திரி அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறோம்! மகளைக் காவலூருக்குக் கூட்டிப் போகலாமா?

ஃபிட்டர் பெரியவர், எண்ணூர்:
தாராளமாக. வாணியம்பாடி வரை ரயில், அங்கிருந்து ஆலங்காயம் வழியாகப் பஸ். பொதுமக்களை விடுவது சனிக்கிழமை, கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலம் வேண்டாம், தை பிறந்த பிறகு அமாவாசையை ஒட்டிப் போங்கள். கரையில் நமக்குத் துறைமுக விளக்குதான் தெரியும். அங்கே வானம் நீங்கள் நடுக்கடலில் பார்ப்பது மாதிரியே இருக்கும், தம்பி.