அக்டோபர் கடைசியில் தீவுப் பயணம்: பருவம் மாறும் நேரத்தில் எங்கே, எப்படி?

நீலத்திரை (கேள்வி)

அக்டோபர் 18 முதல் 26 வரை 8 இரவு கையில் இருக்கு. நான், மனைவி, 7 வயது மகள், 66 வயது அம்மா. ஸ்நோர்க்கலிங்தான் (முகமூடி, மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து மீன், பவளம் பார்ப்பது) முதல் நோக்கம். மகளுக்கு நீச்சல் தெரியும். அம்மா தண்ணீரில் இறங்க மாட்டார்.

பட்டியலில் இருப்பவை: அந்தமான், மாலத்தீவு, ஃபூக்கெட் - கிராபி, கோ சமூய், இலங்கையின் கிழக்குக் கரை. எல்லா இடத்துக்கும் "சீசன் தொடங்கப் போகிறது, கூட்டம் குறைவு" என்று ஒரே பாட்டுதான் பாடுகிறார்கள். மழை அளவு அட்டவணையைப் பார்த்தால் எல்லாமே ஒன்று போலத் தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? 3 தீவு சுற்றலாம் என்று யோசனை, அது சரியா? முன்பதிவில் எதைக் கவனிக்கணும்?

காற்றுத்திசை

மாத மழை அளவை வைத்து முடிவெடுக்காதீங்க. 250 மி.மீ என்பது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேர இடிமழையாகவும் இருக்கலாம், 3 நாள் விடாமல் கொட்டியதாகவும் இருக்கலாம். முதல் வகையில் காலை நேரம் முழுக்க உங்களுடையது. இரண்டாவதில் பயணமே போச்சு. பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, உங்கள் கடற்கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைத்தான்.

அக்டோபர் பாதிக்கு மேல் தென்மேற்குக் காற்று தளர்ந்துவிடும், வடகிழக்கு இன்னும் நிலைக்காது. காற்று வலுவில்லாததால் நிலம் சூடேறி மதியத்துக்கு மேல் இடிமேகம் கட்டும். காலையில் கடல் பல நாள் அமைதியாக இருக்கும். ஆனால் வங்காள விரிகுடாவுக்குப் புயல் காலமும் இதுதான். வட இந்தியப் பெருங்கடலில் பருவமழைக்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவை, பின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு தடவை புயல் உருவாகும்.

இனி உங்கள் பட்டியல். இலங்கையின் கிழக்குக் கரையை எடுத்துவிடுங்க. திருகோணமலை, நிலாவெளி, அறுகம்பே எல்லாம் மே முதல் செப்டம்பர் வரைக்கான இடங்கள். அக்டோபர், நவம்பர் இரண்டாவது பருவ இடைக்காலம். தீவு முழுக்க மழை.

கோ சமூயையும் எடுத்துவிடுங்க. அது தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கிறது. அங்கே அக்டோபரில் மழை ஏறத் தொடங்கி நவம்பரில் உச்சம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஃபூக்கெட் - கிராபி நேர் எதிர்: செப்டம்பர், அக்டோபர் நல்ல மழை, நவம்பரில் தெளியும். அந்தப் பக்கத்துச் சிமிலன் தீவுகள் மழைக்காலத்தில் மூடி, அக்டோபர் 15 வாக்கில்தான் மறுபடி திறக்கும். 18-ம் தேதி போவது சூதாட்டம்தான்.

அந்தமானில் பகல் நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகு நின்றுவிடும், வேறு வழி கிடையாது. நாள் கணக்கு இறுக்கமாக உள்ள குடும்பத்துக்கு இதுதான் தடை.

மாலத்தீவு நடுத்தரம். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் புயல் நேரடியாகத் தாக்குவது அரிது. விட்டுவிட்டு மழை, இடையில் நல்ல வெயில். ஐந்தில் உங்களுக்கு ஒத்து வருவது அதுதான்.

பட்டியலில் இல்லாத இரண்டையும் யோசிங்க. மொரிஷியஸில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் அக்டோபர்தான். செஷல்ஸில் தென்கிழக்குக் காற்று ஓய்ந்து வடமேற்கு வருவதற்கு முன்னால் அக்டோபரில் கடல் தட்டையாகி, தண்ணீர் தெளிவாகும். அதே பருவமாற்றம் ஒரு தீவைக் கெடுக்கும், இன்னொன்றைக் கண்ணாடியாக்கும்.

படகுத்துறை

எங்கே போனாலும் சரி, 8 இரவில் 3 தீவு வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போகும், அதில் ஒரு படகு ரத்தானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா முன்பதிவும் வரிசையாகச் சரியும். 2 தீவு போதும். தூரத்துத் தீவை முதலில் முடிச்சுட்டு, கடைசி 2 இரவை விமான நிலையம் இருக்கும் தீவில் அல்லது அதிலிருந்து சாலை வழியே எட்டும் இடத்தில் வையுங்க. பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். திரும்பும் நாளில்தான் கடல் கொந்தளிக்கும், விமானம் போய்விடும்.

கடல் சார்ந்ததை எல்லாம் முதல் 3 நாள் காலையில் அடுக்குங்க. 7:30, 8 மணிப் படகு. ரத்தானால் மாற்றிக்கொள்ளப் பின்னால் நாள் இருக்கும். மதியப் படகு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீங்க, இடிமழை நேரம் அதுதான்.

அம்மாவை ஸ்பீட் போட்டில் ஏற்றினால் முன்பக்கம் உட்கார வைக்கவே கூடாது. படகு அலையில் ஏறி இறங்கும்போது முன்னால்தான் அதிகம் அறையும். வயதானவர்களின் முதுகெலும்பு முறிவது இப்படி அறையும்போதுதான். பின்பக்கம், இன்ஜினுக்குப் பக்கத்தில், நடு இருக்கை. குமட்டலும் அங்கே குறைவு. குமட்டல் மாத்திரை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போடணும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், கண் அழுத்தம் ஏதாவது இருந்தாலும், மகளுக்குக் கொடுப்பதானாலும் மருத்துவரைக் கேட்டு வாங்குங்க.

முன்பதிவில் 3 கேள்வி கேளுங்க, பதில் மின்னஞ்சலில் வரட்டும். படகு நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் முழுப் பணமா, தேதி மாற்றமா? எத்தனை நாள் முன்பு வரை விடுதியை இலவசமாக ரத்து செய்யலாம்? அந்தத் தேதிகளில் பராமரிப்பு, கட்டட வேலை நடக்கிறதா? கூட்டமில்லாத மாதத்தில்தான் நீச்சல்குளத்தை உடைத்து வேலை பார்ப்பார்கள். தள்ளுபடி ஏன் என்று அங்கே போய்த்தான் தெரியும்.

காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே வாங்கிவிடுங்க. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

நீலத்திரை

இவ்வளவு விவரம் எங்கேயும் கிடைக்கவில்லை, நன்றி இருவருக்கும். விமான நேரம் ஒத்து வருவதால் மாலத்தீவு என்று முடிவு. மாலேவில் மாலை 4:30-க்கு இறங்குகிறோம். தீவைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்நோர்க்கலிங்குக்கு எதைப் பார்க்கணும்?

பவளத்திட்டு

முதலில் அந்த 4:30. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஸ்பீட் போட்டில் எட்டும் தீவாக எடுங்க, இல்லையென்றால் முதல் இரவு விமான நிலையத்தோடு சாலையால் இணைந்த ஹுல்ஹுமாலேயில். உள்ளூர்த் தீவுகளுக்கு வெள்ளிக்கிழமை பல தடங்களில் படகு குறைவு அல்லது இல்லை. உங்கள் தேதியில் வெள்ளி எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்க.

தீவைத் தேர்ந்தெடுக்கச் செயற்கைக்கோள் படம் போதும். மணலை ஒட்டி வெளிர் பச்சை, அதற்கப்பால் பழுப்புத் திட்டு, பிறகு சட்டென்று கரும் நீலம். அந்தக் கரும் நீலம் தொடங்கும் விளிம்புதான் பவளச் சுவர், மீன்கள் இருப்பது அங்கேதான். கரையிலிருந்து விளிம்பு 30, 50 மீட்டரில் இருந்தால் மகளோடு தினமும் போகலாம். 300 மீட்டர் வெளிர் பச்சைதான் என்றால் படத்துக்கு அழகு, ஸ்நோர்க்கலிங்குக்குத் தினமும் படகு வேண்டும்.

அடுத்தது நீரோட்டம். தென்மேற்குக் காற்றில் அது மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். பெருங்கடல் நீர் அட்டோலுக்குள் (வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) நுழையும் மேற்கு விளிம்பில் தெளிவு, வெளியேறும் கிழக்கில் மிதவை உயிரிகளால் கலங்கல். வடகிழக்குக் காற்றில் இது தலைகீழ். அக்டோபர் இறுதியில் திசை நாளுக்கு நாள் மாறும். அதனால் இரண்டு பக்கமும் இறங்க வழியுள்ள சிறிய தீவாக எடுங்க. கலங்கலையும் வீணாக நினைக்க வேண்டாம்: மாந்தா திருக்கைகள் தேடி வருவது அந்த உணவைத்தான். பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை அவை கூடும். அங்கே ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்குவது) தடை, ஸ்நோர்க்கலிங் மட்டும்.

மகளோடு இறங்கும் நேரம், உயர் ஓதம் (கடல் மட்டம் ஏறி உச்சத்தில் இருப்பது) நின்று திரும்பும் சுமார் அரை மணி. அப்போது ஓட்டம் குறைவு, பவளத்திட்டின் மேல் ஆழமும் இருக்கும். தாழ் ஓதத்தில் முழங்கால் பவளத்தில் உரசும், பவளமும் உடையும், காயமும் சீக்கிரம் ஆறாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகம். அந்த நாட்களில் பவளத்திட்டுகளுக்கு இடையே உள்ள கால்வாய்ப் பக்கமே போக வேண்டாம்.

மகளுக்கு முகமூடி இங்கேயே வாங்கிடுங்க. பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுக்கச் சொல்லுங்க. கையை எடுத்தும் விழாமல் ஒட்டியிருந்தால் அளவு சரி.

காற்றுத்திசை

ஒன்று விட்டுப்போச்சு. முன்னறிவிப்பை ஒரு வாரத்துக்கு முன்பு பார்த்துப் பதறாதீங்க. 5 நாள் இருக்கும்போது விண்டி (Windy) வானிலைத் தளத்தில் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் ஒப்பிடுங்க. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். அலை உயரத்தோடு இடைவெளியையும் பாருங்க. 1 மீட்டர் அலை 4 வினாடிக்கு ஒருமுறை என்றால் சின்னப் படகு குலுங்கித் தள்ளும். அதே 1 மீட்டர் 13 வினாடி என்றால் நடுக்கடலில் மெல்லத் தூக்கி இறக்கும், ஆனால் பவள விளிம்பில் பலமாக உடையும். அன்றைக்குப் படகுப் பயணம் சரி, அலை வரும் பக்கத்து விளிம்பில் ஸ்நோர்க்கலிங் வேண்டாம்.