கிணற்றடி மோட்டருக்கு வோல்ற்று குறைகிறது: என் கணக்கில் எங்கே பிழை?

கேள்வி (விசுவமடுவிலிருந்து):
வணக்கம். எங்கள் தோட்டக் கிணறு வீட்டு மீற்றர்ப் பெட்டியிலிருந்து 120 மீற்றர் தள்ளி இருக்கிறது. மண்ணெண்ணெய்ப் பம்பைக் கைவிட்டு, சென்ற ஆண்டு ஒரு குதிரைவலு மின்மோட்டர் பூட்டி, 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தோம். சிறுபோகக் கச்சானுக்கு இறைக்கும் இந்த நாட்களில் மோட்டர் சில வேளை ஓடத் தொடங்காமல் முனகியபடியே நின்றுவிடுகிறது.

மோட்டர் ஓடும்போது வீட்டில் 228 வோல்ற்று, கிணற்றடியில் 204 வோல்ற்று, கிளாம்ப் மீற்றரில் 6.5 அம்பியர். பாடசாலையில் படித்தபடி 204 ஐ 6.5 ஆல் வகுத்தேன், 31.4 ஓம் வந்தது. பெருக்கினால் 1326 வாற்று. ஆனால் மெயினை நிறுத்தி வயரைக் கழற்றி மோட்டர்ச் சுருளை மல்ரிமீற்றரால் அளந்தால் 4 ஓம்தான் காட்டுகிறது. அப்படியானால் 51 அம்பியர் அல்லவா ஓட வேண்டும்? மோட்டரின் தகட்டிலோ 750 வாற்று என்று இருக்கிறது. இவற்றுள் எதை நம்புவது?

பதில் (மாங்குளத்திலிருந்து):
தம்பி, கணக்கை விடுங்கள். கிணற்றடியில் நல்ல ஸ்ரபிலைசர் ஒன்றைப் பூட்டினால் சரிவரும்.

பதில் (வவுனியாவிலிருந்து, வயரிங் வேலை செய்பவர்):
மாங்குளத்து அண்ணா குறை நினைக்கக் கூடாது. கிணற்றடியில் ஸ்ரபிலைசர் பூட்டினால் அது வோல்ற்றை உயர்த்துவதற்காக வயரிலிருந்து இன்னும் கூடுதலான அம்பியரை இழுக்கும், வயரில் விழும் வோல்ற்று மேலும் கூடும். நோய் வயரில் இருக்கும்போது மருந்தை மோட்டருக்குக் கொடுப்பதில் பயனில்லை.

தம்பி, உங்கள் அளவீடுகளில் பிழையில்லை. மல்ரிமீற்றர் காட்டிய 4 ஓம் செப்புச் சுருளின் தடை மட்டுமே. 50 ஹேட்ஸ் ஆடலோட்டத்தில், அதாவது திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தில், சுருளின் காந்தப்புலம் தானும் ஓட்டத்தை எதிர்க்கும். மோட்டர் சுழலத் தொடங்கியதும் உள்ளே எதிர்மின்னியக்க விசையும், அதாவது வரும் வோல்ற்றை எதிர்க்கும் ஒரு வோல்ற்றும், பிறக்கும். அதனால்தான் ஓடும்போது 6.5 அம்பியரும், சுழலாமல் முனகும்போது அதைப்போலப் பல மடங்கும் இழுக்கிறது. முனகும் மோட்டரைச் சில விநாடிகளுக்கு மேல் விட்டுவைக்க வேண்டாம், சுருள் கருகிவிடும். 1326 என்பது வாற்று அல்ல, வோல்ற்று-அம்பியர். அதை வலுக்காரணியால் (அதில் உண்மையான வலுவாகும் பங்கைக் காட்டும், ஒன்றுக்கு மேற்படாத எண்) பெருக்கினால்தான் மோட்டர் எடுக்கும் உண்மையான வாற்று கிடைக்கும். தகட்டில் உள்ள 750, அச்சில் வெளிவரும் வலு. ஒரு குதிரைவலு 746 வாற்று.

இதே காரணத்தால் வயரின் தடையையும் மோட்டரை வைத்துக் கணித்தால் விடை பிசகும். வீட்டில் மின்கேத்தல் இருக்கிறதா? அது வெறும் தடை. அதற்கு ஓமின் விதி அப்படியே பொருந்தும். மோட்டரைக் கழற்றிவிட்டு, கிணற்றடியில் காய்ந்த பலகையின் மேல் நீர் நிறைத்த கேத்தலை வைத்துப் பூட்டுங்கள். மின்கசிவு வந்தால் தானே மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று, அதிலுள்ள சோதனைப் பொத்தானை முதலில் அழுத்திப் பாருங்கள். கிளாம்ப் மீற்றரின் வாயை ஒற்றை வயரில் மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம் காட்டும். வீட்டில் ஒருவரும் கிணற்றடியில் ஒருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டு ஒரே நேரத்தில் வோல்ற்றைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தோம் அண்ணா. தங்கை வீட்டிலும் நான் கிணற்றடியிலும் நின்றோம். வீட்டில் 229, இங்கே 206, ஓட்டம் 5.84 அம்பியர். கேத்தலில் 230 வோல்ற்று, 1500 வாற்று என்று எழுதியிருக்கிறது. வயரில் எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க 229 ஐ வர்க்கித்து வயரின் தடையால் வகுத்தேன். பதின்மூவாயிரம் வாற்று வருகிறது! அவ்வளவு இருக்க முடியாதே.

பதில் (வவுனியாவிலிருந்து):
பலர் வழுக்கும் இடத்தில்தான் நீங்களும் வழுக்கியிருக்கிறீர்கள். வயருக்குக் குறுக்கே விழுவது 229 அல்ல, 23 வோல்ற்று. எந்தப் பொருளின் தடையைக் கணக்கில் எடுக்கிறோமோ, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வோல்ற்றையே எடுக்க வேண்டும். 23 ஐ 5.84 ஆல் வகுத்தால் வயரின் தடை 3.94 ஓம்; பெருக்கினால் வீணாகும் வலு 134 வாற்று. கேத்தலின் தடை 230 இன் வர்க்கத்தை 1500 ஆல் வகுக்க 35.3 ஓம். 206 வோல்ற்றில் அது எடுப்பது 1203 வாற்று மட்டுமே. வோல்ற்று பத்து வீதம் குறைந்ததற்கு வலு இருபது வீதம் குறைந்திருக்கிறது.

இனித்தான் முக்கியமான செய்தி. போகவும் வரவும் 240 மீற்றர் செப்பு, 1.5 சதுர மில்லிமீற்றருக்கு அது 2.75 ஓம் அளவில் இருக்க வேண்டும், வெயிலில் சூடேறினால் 2.9 ஆகலாம். மிச்சம் ஒரு ஓம் எங்கே? ஒரே இடத்தில் அந்த ஒரு ஓம் இருந்தால், ஓட்டத்தின் வர்க்கத்தை அதனால் பெருக்க 34 வாற்று. ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனுக்குள்ள வலு. வழியில் வயர் முறுக்கிக் கட்டிய இடம் ஏதும் உண்டா?

கேள்வி கேட்டவர்:
இருந்தது அண்ணா. சுருளில் வயர் போதாமல் வடலியடியில் ஒரு மூட்டுப் போட்டிருந்தோம். மெயினை நிறுத்திவிட்டுப் பிரித்தேன். ரேப் உருகி வயரோடு ஒட்டிப்போய், உள்ளே செப்புக் கறுத்து, முறுக்கில் பாதி இழைகள் அறுந்திருந்தன. கறுத்த பகுதியை வெட்டி, கனெக்ரரில் திருகாணியால் இறுக்கி, நீர் புகாத பெட்டிக்குள் வைத்தேன். மீண்டும் கேத்தலைப் பூட்டிப் பார்த்தேன்: வீட்டில் 229, கிணற்றடியில் 212, ஓட்டம் 6.0 அம்பியர். வயரின் தடை 2.83 ஓம். மோட்டரும் இன்று காலை முனகாமல் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் 17 வோல்ற்று விழுகிறதே, இது போதுமா?

பதில் (வவுனியாவிலிருந்து):
ஓடும், ஆனால் வீட்டு வோல்ற்று இறங்கும் மாலையில் பழையபடி முனகக்கூடும். கச்சான் விற்ற காசில் 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள். தடை ஒரு ஓமுக்கு வந்துவிடும், 6 அம்பியருக்கு 6 வோல்ற்றே விழும். இம்முறை நடுவில் மூட்டு வராமல் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக வாங்குங்கள்.