நியூசிலாந்து குடும்பப் பயணம்: வாடகைக் காருக்குத் தனியா இன்சூரன்ஸ் எடுக்கணுமா?

ஸ்ரீரங்கத்துக்காரி:
வணக்கம். செப்டம்பர் கடைசியில், காலாண்டு லீவுக்கு நியூசிலாந்து தென் தீவு போறோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பையன், மாமியார் (68 வயசு, சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுறாங்க). கிரைஸ்ட்சர்ச்சில் கார் எடுத்து டெக்கபோ, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட் பார்த்துட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கிறதா பிளான். நாங்க ரெண்டு பேருமே ஓட்டுவோம்.

கார் வாடகையிலேயே பேசிக் இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா எக்ஸஸ் (காருக்கு சேதம் வந்தா நாம கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு) 4,000 நியூசிலாந்து டாலர்னு போட்டிருக்கு. அதை ஜீரோ ஆக்க ஒரு நாளைக்கு 35 டாலர் கேக்குறாங்க. டிராவல் ஏஜென்ட், "நான் போட்டுத் தர்ற டிராவல் இன்சூரன்ஸே எல்லாத்தையும் பாத்துக்கும், காருக்குத் தனியா வேண்டாம்"ங்கிறார். சொந்தக்காரர் ஒருத்தர், "அங்க அடிபட்டா கவர்மென்டே வைத்தியம் பாக்கும், டிராவல் இன்சூரன்ஸே வேண்டாம்"ங்கிறார். யார் சொல்றது சரி?

கேன்டர்பரி_தமிழன்:
உங்க சொந்தக்காரர் சொல்றது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி வர்றதுதான் ஆபத்து.

இங்க ஏசிசின்னு அரசுத் திட்டம் இருக்கு, 1974-லிருந்து நடக்குது. விபத்துல அடிபட்டா, யார் தப்புன்னு பார்க்காம வைத்தியச் செலவை ஏத்துக்கும். சுற்றுலா வந்தவங்களுக்கும் உண்டு. சில இடத்துல நம்ம பங்குன்னு கொஞ்சம் கட்டவேண்டி வரும். ஆனா அது *காயத்துக்கு* மட்டும். நோய்க்கு இல்லை. அத்தை வழுக்கி விழுந்து கை முறிஞ்சா ஏசிசி வரும். அவங்களுக்கே நெஞ்சுவலி வந்தாலோ சர்க்கரை இறங்கி மயங்கினாலோ ஏசிசி வராது, ஆஸ்பத்திரி பில் முழுசா உங்க தலையில. ஊருக்குக் கூட்டிட்டுப் போற செலவு, ரத்தான டிக்கெட், தொலைஞ்ச பெட்டி எதுவுமே அதுல வராது. டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்க, முக்கியமா அத்தைக்காக.

இன்னொண்ணு. நம்ம ஊர் மாதிரி இங்க தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் இல்லை. எதிர் வண்டிக்காரர்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கும்னு நம்பி இருக்க முடியாது. தப்பு அவர் மேலன்னாலும், வாடகை கம்பெனி முதல்ல உங்க கார்டுலதான் எக்ஸஸை எடுக்கும். அவர்கிட்ட இருந்து வசூலானா அப்புறம் திரும்பி வரும்.

பாலிசி_படிப்பவன்:
ஏஜென்ட் சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க மேடம். பாலிசி வார்த்தைகள் அடங்கின முழு பிடிஎஃப் கேளுங்க, ஒரு பக்க பிரசுரம் போதாது. மூணு இடம் பாருங்க.

முதல்ல மாமியாரோட சர்க்கரை, பிபி. விண்ணப்பத்துல மறைக்காம எழுதுங்க. பிரீமியம் கூடும், பரவாயில்லை. பல இந்திய பாலிசிகள்ல ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான கட்டத்துல மட்டும்தான், அதுவும் ஒரு வரம்புக்குள்ளதான் பணம் தருவாங்க. அந்த வரம்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டாவது, 60 வயசு தாண்டினவங்களுக்கு அறை வாடகை, ஐசியு, சர்ஜன் ஃபீஸ்னு தனித்தனியா சப் லிமிட் (ஒவ்வொரு செலவுக்கும் ஒரு உச்சவரம்பு) வைக்கிற பாலிசிகள் உண்டு. மொத்தத் தொகை பெருசா தெரியும், பில் வரும்போது கைக்குக் கிடைக்கிறது சின்னதா இருக்கும். சப் லிமிட் இல்லாத திட்டம் கிடைச்சா அதையே எடுங்க.

மூணாவது கார். வாடகைக் கார் எக்ஸஸுக்கு ஒரு தொகை சில பாலிசிகள்ல இருக்கும், பலதுல இருக்காது. "பர்சனல் லயபிலிட்டி"ன்னு (நம்மால மத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கு நாம ஏத்துக்க வேண்டிய பொறுப்பு) ஒரு வரி இருக்கும், அதைக் காட்டி கார் இதுல வந்துடும்னு சொல்லுவாங்க. வண்டி ஓட்டுறதால வர்ற பொறுப்பை அந்தப் பிரிவுலயே விலக்கி வச்சிருப்பாங்க, படிச்சுப் பாருங்க.

ஸ்ரீரங்கத்துக்காரி:
ரெண்டு பேருக்கும் நன்றி. பிடிஎஃப் வாங்கிட்டேன். கார் எக்ஸஸ்னு ஒரு வரி இருக்கு, ஆனா 500 அமெரிக்க டாலர்தான். அப்போ மீதிக்கு அந்த 35 டாலரைக் கட்டிடலாமா?

கேன்டர்பரி_தமிழன்:
உங்க குடும்பத்துக்குன்னா கட்டிடுங்கன்னுதான் சொல்வேன். எக்ஸஸை மட்டும் கவர் பண்ற தனி பாலிசிகள் ஆன்லைன்ல மலிவா கிடைக்கும். ஆனா அதுல முதல்ல நீங்க 4,000 டாலரையும் கட்டணும், ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். ஊருக்குப் போய் வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, ரிப்பேர் பில், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் அனுப்பி, திரும்பி வரக் காத்திருக்கணும். இந்தியாவுல குடியிருக்கிறவங்களுக்கு அந்த பாலிசி செல்லுமான்னும் பாக்கணும். அவ்வளவு பணத்தை முடக்க வசதி இருந்து, பேப்பர் வேலைக்கும் பொறுமை இருந்தா அது லாபம்.

ஜீரோ எக்ஸஸ்னாலும் எல்லாம் அடங்கிடாது. தப்பான பெட்ரோல் போட்டது, சாவி தொலைஞ்சது, காரோட அடிப்பாகம் சேதமானது, தண்ணியில இறக்கினதுன்னு விலக்குகள் இருக்கும். ஒப்பந்தத்துல பேர் இல்லாத ஆள் ஓட்டினா மொத்தமும் போச்சு. நீங்க ரெண்டு பேரும் ஓட்டுறதா இருந்தா ரெண்டு பேரையும் எழுதச் சொல்லுங்க. குயின்ஸ்டவுன் பக்கத்துல ஸ்கிப்பர்ஸ் ரோடுன்னு ஒண்ணு, பல கம்பெனிகள் அதுல போனா கவர் இல்லைன்னு பேரோட எழுதியிருக்கும். டயர், கண்ணாடி சேருமான்னு கேளுங்க. சரளைக்கல் தெறிச்சு முன் கண்ணாடி விரியறது இங்க சகஜம். காத்தும் பலமா அடிக்கும், கதவைப் பிடிச்சுக்கிட்டே திறக்கணும். காத்துல கதவு மடங்கினதை விலக்கி வைக்கிறவங்களும் உண்டு. பையனை அந்தக் கதவுகிட்ட விடாதீங்க.

மில்ஃபோர்ட் ரோட்டுல செப்டம்பர்லயும் பனி உண்டு. டயர் சங்கிலி கட்டாயம்னு பலகை வச்சிருந்தா, சங்கிலி இல்லாம போகவே கூடாது. அது வாடகையில சேருமான்னு இப்பவே கேட்டு வைங்க. பையனுக்கு ஏழு வயசு ஆகிற வரைக்கும் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், அதையும் முன்கூட்டியே புக் பண்ணுங்க.

மலைக்கோட்டை_டிரைவர்:
லைசென்ஸ் விஷயம் யாரும் சொல்லலையே அக்கா. ஒரிஜினல் கார்டு கையில இருக்கணும், வண்டி ஓட்டும்போதெல்லாம். டிஜிலாக்கர்ல இருக்குன்னு அங்க காட்ட முடியாது. நம்ம கார்டு ஆங்கிலத்துல இருக்கிறதால அதுவே போதும். இருந்தாலும் ஆர்டிஓ-ல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வச்சுக்கோங்க, ஒரு வருஷம் செல்லும். லைசென்ஸ் செல்லாதுன்னு ஆச்சுன்னா, எவ்வளவு பெரிய இன்சூரன்ஸ் இருந்தாலும் அவங்க மறுக்க அது ஒண்ணே போதும்.

கார் எடுக்கும்போது நிதானமா சுத்தி வந்து வீடியோ எடுங்க. கூரை, நாலு வீல் ரிம், முன் கண்ணாடி, உள்ள சீட் எல்லாம். கவுன்ட்டர்ல இருக்கிறவங்க அவசரப்படுத்தினாலும் விடாதீங்க. இருக்கிற கீறல் எல்லாம் அவங்க தாள்ல ஏறணும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி.

ஸ்ரீரங்கத்துக்காரி:
ரொம்ப நன்றி தம்பி. கடைசியா ஒண்ணு: வாடகைக்கு டெபிட் கார்டு போதுமா?

கேன்டர்பரி_தமிழன்:
பெரும்பாலும் ஓட்டுநர் பேர்ல கிரெடிட் கார்டு கேப்பாங்க. எக்ஸஸ் குறைக்காம எடுத்தா அந்த 4,000 டாலரையும் கார்டுல ஹோல்டு பண்ணி (கார் திரும்பித் தர்ற வரைக்கும் முடக்கி) வைக்கலாம், ஜீரோ எடுத்தா ஹோல்டு ரொம்பக் கம்மி. கார்டு லிமிட்டையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன்ல இருக்கான்னும் கிளம்புறதுக்கு முன்னாடியே பேங்க் ஆப்புல சரிபாருங்க. அவசரத்துக்கு இங்க 111, அவசரமில்லாத போலீஸ் புகாருக்கு 105. பாலிசி நம்பரையும் இன்சூரன்ஸ் கம்பெனியோட 24 மணி நேர உதவி எண்ணையும் அத்தை போன்லயும் போட்டுக் கொடுங்க.